முன் சக்கரம் 2016, பின் சக்கரம் 1998

நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம். நம்புகிறவர்களும் போகலாம், அவர்களால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு வேண்டியது வாதம் பண்ணுகிறவர்கள். அவர்கள் மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில், லைசென்ஸ்காரர்கள் எட்டுப் போடுகிற கோட்டுக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன். கூட்ட வேண்டியதையெல்லாம் அன்றைக்கே கூட்டிவிட்டாள் என்று என் அண்ணன் எழிலரசன் சொல்வான். அவன் பேச்சை விடுங்கள்.

வண்டி, கருடன் 100. தொண்ணூற்றெட்டில் என் பெரியப்பா வாங்கியது, இப்போது என் கையில். வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் முப்பத்தொரு கிலோமீட்டர். காலையில் ஒரே ஒரு பஸ், அதுவும் மனசு வைத்தால் வரும். வண்டி இல்லையென்றால் அண்ணனின் மீன் வேன்தான் கதி. ஐஸ் பெட்டிக்கும் நண்டுக் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்து நான் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிடலாம் என்பது அவனுடைய கல்விக் கொள்கை. வண்டியின் ஆர்.சி. அன்றோடு முடிகிறது. புதுப்பித்துவிட்டால் வண்டி எனக்கு, இல்லையென்றால் எடைக்கு. இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். அண்ணன் வாக்குத் தவறாதவன். காயலான்கடை சாகுல் பாயைத் தராசோடு கூட்டிவந்து மைதானத்து வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தான்.

ஆய்வாளர் ஞானசிகாமணி சார் ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம். அவர் எதையும் நம்ப மாட்டார், எதையும் மறுக்கவும் மாட்டார். எழுதிக்கொள்வார். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு, வண்டிக்கு முன்னால் வந்து குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"தொண்ணூத்தெட்டு மாடலுக்கு முன்னாடி டிஸ்க் பிரேக் எப்படி வந்துச்சும்மா?"

"2016 கருடன் 150-ஓட முன் ஃபோர்க் சார். பழைய ஃபோர்க் கோணிப்போச்சு, பழைய டிரம் பிரேக் பிடிக்கவே இல்ல. அதனால ரெண்டு ஃபோர்க் கால், வீல், டிஸ்க், காலிப்பர் எல்லாத்தையும் ஒரே செட்டா மாத்தியாச்சு."

"யாரு மாத்துனது?"

"நான்."

சிரித்தது முதலில் ஏஜென்ட் கலியமூர்த்தி. அந்த மைதானத்தில் அவர் இல்லாமல் ஒரு ஃபாரம் நகராது. "பாப்பா, சார்கிட்ட போய் வெளையாடுறியே. மெக்கானிக் பேரைச் சொல்லு. வீட்ல ஆம்பளை யாரும் வரலியா?" என்றார். அதற்கு எட்டுப் போட நின்ற பதினைந்து பேரும் சிரித்தார்கள். வாசலில் என் அண்ணனும் சிரித்தான். நான் மூன்று நாள் கிரீஸ் கையோடு சோறு தின்றதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே அண்ணன்!

நான் சொன்னது கலப்படமில்லாத உண்மை. அதற்கே இந்தச் சிரிப்பு என்றால், உண்மைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்க எனக்கு என்ன தலையெழுத்து? இதை ஒரு வாதமாகவே வைக்கிறேன், முடிந்தவர்கள் மறுக்கலாம். நான் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஆரம்பித்தேன்.

"சார், மொதல்ல அந்தப் பழைய பிரேக்கைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். அதைப் பிடிக்கிறது மனுக் கொடுக்கிற மாதிரி. நாம குடுக்கணும், அது பரிசீலிக்கும். பல்கலைக்கழக வாசல்ல நிக்கணும்னா நான் வீட்டு வாசல்லயே பிரேக்கை அழுத்திடுவேன். ஒரு நாள் வெண்ணாத்துப் பாலம் வரைக்கும் மறந்துட்டேன். வண்டி போய் நின்ன இடம் வேதாரண்யம் உப்பளம். அன்னைக்கு முழுக்க உப்பு அள்ளிப் போட்டுட்டுத்தான் திரும்பினேன்."

"எத்தனை மணிக்கு நின்னுச்சு?" என்றார் ஞானசிகாமணி சார், எழுதிக்கொண்டே.

"மூணு இருபது."

"ம். மேல சொல்லுங்க."

கலியமூர்த்தி அண்ணன் சாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சார் சிரிக்காதது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அது பெரிய தைரியம்.

"சாகுல் பாய் கடையில 2016 ஃபோர்க் கெடந்துச்சு. எடுத்துட்டு வந்து பாத்தா, கழுத்துத் தண்டு நீளம். ஹேண்டில் உக்கார்ற எடத்துல பெரிய இடைவெளி. சாதாரண மெக்கானிக்கா இருந்தா தண்டை அறுத்திருப்பான். நான் யோசிச்சேன். இது ரெண்டு இன்ச்சு இடைவெளி இல்ல, பதினெட்டு வருஷ இடைவெளி. அப்ப வருஷத்துக்கு ஒண்ணா பதினெட்டு வாஷர் போட்டா அடைஞ்சுடும்ல? போட்டேன். லீப் வருஷத்துக்கு மட்டும் கொஞ்சம் தடிமனான வாஷர்."

"அதுக்கு ஏன் தடிமன்?" வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார். பாவம், நல்ல மனுஷர்.

"ஒரு நாள் கூட இருக்குல்ல?"

அவர் தலையாட்டிக்கொண்டார்.

"ஆனா ஒரு வாஷர் கைதவறி விழுந்துருச்சு சார், 2007. இப்பவும் வேகமாப் போனா 2006 முடிஞ்சதும் ஒரு குலுக்கு குலுக்கி நேரா 2008-ல போய் விழும்."

வாசலிலிருந்து சாகுல் பாய் குரல் கொடுத்தார். "அது நம்ம கடையிலதான் கெடக்கு தங்கச்சி, வந்து எடுத்துக்க!"

அண்ணன் அவரை முறைத்தான். எடைக்குக் கூட்டிவந்த ஆள் எனக்குச் சாட்சி சொன்னால் எரியாதா?

"சரி, பிரேக்?" என்றார் சார்.

"பிரேக்கா? பிரேக்கைக் கேக்குறீங்களா?" நான் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டேன். "மாட்டி முடிச்சு, பிரேக் ஆயில் ஊத்தி, காத்தையெல்லாம் வெளியேத்தி, வெட்டாத்துக் கரையில கொண்டுபோய் ஒரே ஒரு விரலால, இந்தச் சுண்டு விரலால, லீவரைத் தொட்டேன் சார். அழுத்தல, தொட்டேன். வண்டி நின்னுருச்சு. எனக்குப் பின்னாடி வந்த டவுன் பஸ்ஸும் நின்னுருச்சு. அதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல, அது பிரேக்கே பிடிக்கல. கண்டக்டர் எறங்கி வந்து, 'ஏம்மா, உன் வண்டியை நிறுத்துனா எங்க வண்டி ஏம்மா நிக்குது?'ன்னு சண்டைக்கு வந்தாரு. அவரும் பாதி வழியில நின்னுட்டாரு."

"யோவ், யாராவது இதைக் கேக்குறீங்களா?" என்றார் கலியமூர்த்தி.

"கேக்கிறோம், கேக்கிறோம். நீ சும்மா இருய்யா," என்றது வரிசை.

"அப்புறம் பாத்தா ஆத்துல தண்ணி நிக்குது. கெண்டை மீனெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு முட்டி மூக்கு வீங்கிக் கெடக்கு. அந்த வாரம் எங்க அண்ணன் வேன்ல வந்த மீனைக் கேட்டுப் பாருங்க, அத்தனைக்கும் மூக்கு சப்பை. எதிர்க்கரையில கல்யாண மண்டபம். மாப்பிள்ளை மூணாவது முடிச்சைப் போடக் கையைத் தூக்கினவரு அப்படியே நின்னுட்டாரு. மேளம் மட்டும் நிக்கல, ஏன்னா அது ரெக்கார்டு. நான் லீவரை விட்டாத்தான் கல்யாணம் நடக்கும். அந்தப் பொண்ணு மணவறையிலேருந்து என்னையே பாக்குது. 'அக்கா, விட்டுடாதீங்க, எனக்கு யோசிக்க இன்னும் அஞ்சு நிமிஷம் வேணும்'ங்கிற மாதிரி ஒரு பார்வை. குடுத்தேன் சார். அஞ்சு நிமிஷம் பிடிச்சுட்டே நின்னேன்."

"கல்யாணம் நடந்ததா?" பேனாவை நிறுத்தாமல் கேட்டார் சார்.

"இல்ல சார். அந்தப் பொண்ணு இப்ப பி.எட். படிக்குது."

வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் கைதட்டினார்கள். இதோடு யாராயிருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். கலியமூர்த்தி நிறுத்தவிட்டால்தானே? "அது சரி பாப்பா, முன்பக்கம் அப்படிப் பிடிச்சா பின்பக்கம் தூக்கி அடிச்சிருக்கணுமே? நீ எப்படி உசுரோட நிக்கிற?" என்று கேட்டார். நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. இயற்பியல் தெரியாத ஆள் கேட்ட இயற்பியல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் போனால் நான் படித்த படிப்புக்கே அவமானம்.

"தூக்காதுண்ணே. பின்பக்கம் அங்க இருந்தாத்தானே தூக்கும்?"

"பின்ன எங்க இருக்கு?"

"தொண்ணூத்தெட்டுல."

எட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் காலை ஊன்றிவிட்டார். அன்றைக்கு அவர் தோற்றது என்னால்தான், வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

"ரெண்டு மாடலை ஒரே வண்டியில மாட்டினா, முன்னாடி பாதி 2016-லயும் பின்னாடி பாதி 1998-லயும்தானேண்ணே ஓடும்? இதுல என்ன அதிசயம்? நான் நாலு வழிச்சாலையில போவேன். என் பின் சக்கரம் அந்தக் காலத்துக் குளத்தங்கரை ரோட்டைச் சுத்திட்டு வரும். முன்னாடி எனக்கு வெயில் கொளுத்தும், பின்னாடி முதுகு நனையும். அங்க ஐப்பசி. நான் பல்கலைக்கழகத்துல வண்டியை நிறுத்திட்டு வகுப்புக்குப் போய், ஒரு பரீட்சை எழுதிட்டுத் திரும்பி வருவேன். அப்பத்தான் பின்பக்கம் மூச்சு வாங்கிட்டு வந்து சேரும்."

"பின் சீட்டுல ஆள் உக்காந்தா?" இது சார்.

"அதுதான் சார் விசேஷம். எங்க அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. பின்னாடி உக்கார வச்சு ஒரு ரவுண்டு போனேன். எறங்கறப்ப பாவாடை தாவணிப் பொண்ணாட்டம் குதிச்சு எறங்குனாங்க. அப்புறம் கேக்கணுமா? எங்க தெரு அத்தைங்க பூராவும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாசல்ல வரிசை கட்டி நிக்கிறாங்க. காந்திமதி அத்தை பாதி வழியில எறங்கி, இடிச்சுட்ட பழைய கொட்டகையில போய்ப் படம் பாத்துட்டு, இடைவேளை முறுக்கோட வந்து ஏறினாங்க. முறுக்கு மொறுமொறுன்னு இருந்துச்சு, நான் தின்னேன். எங்க துறைத்தலைவர் ஒரு நாள் லிஃப்ட் கேட்டாரு. முன்னாடி நிக்கிற வரைக்கும் 'உன் பிராஜெக்ட் எங்கம்மா?'ன்னு உறுமினவரு, பின்னாடி ஏறினதும் மீசை அரும்பி, தோள்ல ஜோல்னாப் பையோட, 'சீனியர், கொஞ்சம் மெதுவாப் போங்க, எங்க கைடு ரொம்பத் திட்டுறாரு, என்ன பண்றதுன்னே தெரியல'ன்னு தேம்பித் தேம்பி அழறாரு. நான்தான் ஆறுதல் சொல்லி, ரெண்டு கணக்குப் போட்டுக் குடுத்து அனுப்புனேன். அந்தக் கணக்கை வச்சுத்தான் அவர் பிஎச்.டி. வாங்குனாரு. இப்ப என் பிராஜெக்ட்டுல அதே கணக்கைத் தப்புங்கிறாரு!"

இந்தக் கடைசி வரியில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்து குரல் உடைந்துவிட்டது. அநியாயம் இல்லையா இது?

ஞானசிகாமணி சார் பேனாவை மூடினார். நான்கு பக்கம் ஆகியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். உப்பளம், மூன்று இருபது, வாஷர் பதினெட்டு, அதில் குறைவு ஒன்று, கெண்டை மூக்கு, முறுக்கு, ஜோல்னாப் பை. "சொன்னது சரியா எழுதியிருக்கேனா?" என்றார். "சரி சார்," என்றேன். "கையெழுத்துப் போடுங்க." போட்டேன். சுடர்விழி, எம்.எஸ்சி. என்றே போட்டேன்.

"உங்க வாக்குமூலப்படி," என்றார், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல், "முன் பாதி 2016. அதுக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் முடியல. ரினிவல் தேவையில்ல. பின் பாதிக்குத் தேவை. ஆனா அது தொண்ணூத்தெட்டுல ஓடிட்டிருக்கு. தொண்ணூத்தெட்டுல இந்த ஆபீஸ் கிடையாது, இந்த எடமே கருவேலங்காடு. அப்ப எல்லாத்துக்கும் மாவட்டத்துப் பெரிய ஆபீஸ்தான். நீங்க அங்க போய், அந்தத் தேதியில, பின் பாதிக்கு ஒரு தடையில்லாச் சான்று வாங்கிட்டு வந்துடுங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள."

என் வாதத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டார். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கலியமூர்த்தி அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாரைச் சாமியைப் பார்ப்பது போலப் பார்த்தார். வாசலில் தராசுத் தட்டு ஆடுகிற சத்தம்.

அண்ணன் ஓடி வந்தான். "ஏய், பொய்யின்னு சொல்லித் தொலையேன். ஒரு வார்த்தை!" இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. எடைக்குப் போடுவதாகச் சொல்வது வேறு, போடுவது வேறு போலிருக்கிறது.

சார் என் பக்கம் சாய்ந்தார். "வேற வழியும் இருக்கும்மா. மேற்படி வாக்குமூலம் முழுக்கப் பொய்னு கீழ ஒரு வரி எழுதிடுங்க. வண்டியை ஓட்டிப் பாத்து, பிரேக் பிடிக்குதான்னு பாத்துட்டு, பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம். மெக்கானிக் யாருன்னு கலியமூர்த்தி ஒரு பேர் குடுத்துடுவார்."

பேனாவை வாங்கிவிட்டேன். 'மேற்படி' என்று எழுதியும் விட்டேன். அப்புறம்தான் முதல் பக்கம் கண்ணில் பட்டது. முதல் வரி: 'முன் ஃபோர்க்கையும் பிரேக்கையும் மாற்றியவர்: விண்ணப்பதாரர்.'

"சார், முழுக்கப் பொய்னா இந்த மொத வரியும் பொய்யாயிடுமா?"

"அதுவும் அதே தாள்லதானேம்மா இருக்கு."

"அதை மட்டும் விட்டுட்டு மத்ததைப் பொய்ங்கலாமா?"

"கையெழுத்து ஒண்ணுதானே போட்டிருக்கீங்க."

மூன்று நாள். ஹேண்டில் கழுத்து சுழல்கிற கோன் செட்டின் குண்டு ஒவ்வொன்றையும் கிரீஸில் ஒட்டவைத்து, ஒன்று விழுந்தால் எல்லாவற்றையும் எடுத்து, மறுபடி முதலிலிருந்து அடுக்கிய மூன்று நாள். அதைப் பொய் என்று என் கையாலேயே எழுதி, எவனோ ஒரு மெக்கானிக் பெயரைக் கீழே போட வேண்டுமாம். 'மேற்படி' என்ற சொல்லை அடித்தேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "அஞ்சு மணிக்குள்ள வந்துடுறேன் சார்," என்றேன்.

வண்டியைக் கிளப்பினேன். முன் சீட்டில் உட்கார்ந்தால் 2016 வரைக்கும்தான் போக முடியும். அதனால் ஓடுகிற வண்டியிலேயே பின் சீட்டுக்கு நகர்ந்து, கையை நீட்டி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். "தங்கச்சி, முன் பாதியையாவது எடை போட்டுட்டுப் போ!" என்று சாகுல் பாய் கத்தியது காதில் விழுந்தது. அதற்குள் நாலு வழிச்சாலை இரண்டு வழியாகி, இரண்டு ஒன்றாகி, புளியமரங்கள் திபுதிபுவென்று இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டன. 2007-இல் ஒரு குலுக்கு. மற்றபடி நல்ல பயணம்.

பெரிய ஆபீஸ் ஓட்டுக் கட்டடம். வாசலில் எஸ்.டி.டி. பூத். வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர். இங்கேயும் மைதானம் இருந்தது. அதில் கலியமூர்த்தி அண்ணன் தலை நிறைய முடியோடு எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் காலை ஊன்றினார். நான் சிரிக்கவில்லை.

கவுன்டரில் ஒரு அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. என் ஃபாரத்தை வாங்கினார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். அது அங்கே கண்ணைக் குத்துகிற சிவப்பில், சீட்டில் பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல், பளபளவென்று நின்றது.

"புது வண்டி மாதிரில்ல இருக்கு? இதுக்கு எதுக்கும்மா ரினிவல்?"

"அதைத்தான் மேடம் காலையிலேருந்து நானும் வாதாடுறேன்!"

"முன்னாடி என்னவோ வட்டமா தட்டு மாதிரி..."

"டிஸ்க் பிரேக் மேடம். ஃபோர்க்கோட மாத்தினது."

"யாரு மாத்துனது?"

"நான்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என் கையைப் பார்த்தார், நகத்துக்குள் இருந்த கிரீஸைப் பார்த்தார், 'உரிமையாளரே மாற்றியுள்ளார்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதியதன் கீழே ஒரு கோடும் போட்டார். முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினார். தூக்கினார். முத்திரை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே வந்தபோது, அவர் கண் மட்டும் 'விண்ணப்பதாரரின் பிறந்த தேதி' என்ற கட்டத்துக்குப் போனது. நான் அதில் உள்ளதை உள்ளபடி நிரப்பியிருந்தேன். 14.8.2002.

முத்திரை அங்கேயே நின்றது. அவர் ஃபாரத்தை மடித்து, ஜன்னல் வழியாக என்னிடமே நீட்டினார்.

"பொறந்துட்டு வாம்மா."